டி.எஸ்.ஆர்-2: ரத்தான விமானம், மிஞ்சிய இரண்டு உடல்கள் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கிலாந்தில் டக்ஸ்ஃபோர்டு அருங்காட்சியகத்துக்கோ காஸ்ஃபோர்டு அருங்காட்சியகத்துக்கோ போய் அந்த வெள்ளை விமானத்தைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே சந்தேகங்களோடுதான் வருகிறார்கள். போகாமலே, படம் பார்த்து ஆர்வம் கொண்டவர்களும் அதையேதான் கேட்கிறார்கள். அவர்கள் கேட்டபடியே கேள்விகளை வைத்து, பதில்களை ஓரிடத்தில் தொகுத்திருக்கிறேன்.

டி.எஸ்.ஆர்-2ன்னா என்ன விமானம்?

பிரிட்டன் 1950-களின் கடைசியில் வரையத் தொடங்கி, 1964 செப்டம்பரில் முதன்முதலாகப் பறக்கவிட்டு, 1965 ஏப்ரலில் கைவிட்ட தாக்குதல், உளவு விமானம். இரண்டு ஜெட் என்ஜின்கள். முன்னால் விமானி, பின்னால் நேவிகேட்டர் என இரண்டே பேர். அணுகுண்டும் சாதாரணக் குண்டும் சுமக்க வேண்டும், படமும் எடுத்து வர வேண்டும்.

உடலின் நீளம் 27 மீட்டர். ஒரு முனையிலிருந்து மறு முனைவரை இறக்கையின் அகலமோ வெறும் 11 மீட்டர். நேரில் பார்ப்பவர்களுக்கு முதலில் உறைப்பது இந்த வித்தியாசம்தான்.

அப்படி ஒண்ணு எதுக்குத் தேவைப்பட்டுச்சு?

அதுவரை அந்த வேலையைச் செய்துகொண்டிருந்தது கான்பெர்ரா. நம் இந்திய விமானப்படையிலும் 1957 முதல் 2007 வரை இருந்த அதே கான்பெர்ராதான். ரொம்ப உயரத்தில் பறந்தால் எதிரியால் எட்ட முடியாது என்பதே அதன் பாதுகாப்பு. தரையிலிருந்து ஏவும் ஏவுகணைகள் வந்த பிறகு அந்தக் கணக்கு செல்லாமல் போனது. 1960 மே 1-ஆம் தேதி சோவியத் வானில் அமெரிக்காவின் யூ-2 உளவு விமானம் வீழ்த்தப்பட்டபோது உலகமே அதைக் கண்டுகொண்டது. ஆனால் பிரிட்டிஷ் விமானப்படை 1957-லேயே கான்பெர்ராவுக்கு மாற்று கேட்டு நிபந்தனைகளை எழுதிவிட்டது.

அந்த நிபந்தனைகள் கடுமையானவை. ராடார் பார்வைக்குக் கீழே, மலையும் பள்ளமும் தொடர்ந்து, தரையை ஒட்டியே ஒலியின் வேகத்தை நெருங்கிப் பறக்க வேண்டும். மேலே ஏறினால் ஒலியைப் போல இரண்டு மடங்கு வேகம் வேண்டும். சுமார் 1,850 கிலோமீட்டர் போய்த் தாக்கிவிட்டுத் திரும்ப வேண்டும். இவ்வளவும் செய்கிற விமானம் குட்டையான, சரியாகச் செப்பனிடாத ஓடுபாதையிலிருந்தும் கிளம்ப வேண்டும். இவற்றில் ஒவ்வொன்றும் தனித்தனியாக அன்று செய்யக்கூடியதே. எல்லாவற்றையும் ஒரே விமானத்தில் கேட்டதில்தான் பின்னால் வந்த சிக்கல்களின் வேர் இருக்கிறது.

இவ்வளவு பெரிய விமானத்துக்கு ஏன் இவ்வளவு சின்ன இறக்கை?

நான் ரொம்ப விரும்பிப் பதில் சொல்லும் கேள்வி இது. தரையை ஒட்டிய காற்று சீராக இருக்காது. அதில் அகலமான இறக்கையோடு வேகமாகப் போனால் ஒவ்வொரு காற்றலையும் விமானத்தைத் தூக்கிப் போடும். மேடுபள்ளமான ரோட்டில் ஸ்பிரிங் இல்லாத வண்டியில் போவது போலத்தான். அரை மணி நேரத்தில் உள்ளே இருப்பவர்களால் கருவிகளைப் படிக்கவே முடியாமல் போய்விடும். சின்ன இறக்கையில் பெரிய எடையை ஏற்றினால் அந்த அலைகள் விமானத்தை அவ்வளவாக அசைக்காது.

ஆனால் சின்ன இறக்கையோடு குட்டை ஓடுபாதையில் எப்படிக் கிளம்புவது? அதற்காக என்ஜினிலிருந்து அழுத்தமான காற்றை எடுத்து, இறக்கையின் பின்னோரத்தில் உள்ள மடிப்புப் பலகைகளின் மேல் பீய்ச்சினார்கள். குறைந்த வேகத்திலும் தூக்குவிசை கிடைத்தது. அந்தப் பலகைகளே பின்னோரம் முழுவதையும் எடுத்துக்கொண்டதால், விமானத்தை இடம் வலமாகச் சாய்க்க வழக்கமாக இறக்கையில் இருக்கும் சிறு பலகைகளுக்கு இடமில்லை. எனவே அந்த வேலை வாலுக்குப் போனது. வாலின் இரு பக்கத் தகடுகளும் முழுதாகத் திரும்பும். ஒன்றாகத் திரும்பினால் மூக்கு ஏறும், இறங்கும். எதிரெதிராகத் திரும்பினால் விமானம் சாயும். நிமிர்ந்து நிற்கும் வால் துடுப்பும் முழுதாகவே திரும்பும். ஒரு தேவை இன்னொன்றைத் தீர்மானிக்க, அது அடுத்ததைத் தீர்மானிக்க, கடைசியில் வந்து நின்ற உருவம் இது.

யார் செஞ்சாங்க?

இங்கிலீஷ் எலக்ட்ரிக், விக்கர்ஸ்-ஆம்ஸ்ட்ராங்ஸ் என்ற இரண்டு நிறுவனங்கள். தனித்தனி நிறுவனங்கள் ஒன்றிணைந்தால்தான் ஒப்பந்தம் என்று அரசு சொன்னதால் கைகோத்தார்கள். 1960-இல் இவை பிரிட்டிஷ் ஏர்கிராஃப்ட் கார்ப்பரேஷனின் பகுதிகளாயின. உடலின் முன்பகுதி தெற்கே வெய்பிரிட்ஜில், பின்பகுதி வடக்கே பிரெஸ்டனில். என்ஜின் பிரிஸ்டல் சிட்லியின் ஒலிம்பஸ்.

மொத்தம் எத்தனை பறந்துச்சு?

ஒன்றே ஒன்று. அதன் எண் எக்ஸ்.ஆர் 219. அது 24 முறை பறந்தது, வானில் இருந்த மொத்த நேரம் சுமார் 13 மணி. ரோலண்ட் பீமண்ட், ஜிம்மி டெல், டான் நைட் ஆகிய மூன்று விமானிகள் மட்டுமே இதை ஓட்டியிருக்கிறார்கள். ஆளாளுக்கு 3 என்றும் 5 என்றும் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். ரத்தானபோது வெவ்வேறு கட்டங்களில் பல உடல்கள் கட்டப்பட்டுக்கொண்டிருந்தன, அதுதான் குழப்பத்துக்குக் காரணம்.

என்ஜின் வெடிக்கும்னு தெரிஞ்சே பறக்கவிட்டாங்கன்னு சொல்றாங்களே, உண்மையா?

பெருமளவு உண்மை. 1962 டிசம்பர் 3-ஆம் தேதி, இந்த என்ஜினை வல்கன் குண்டுவீச்சு விமானம் ஒன்றின் வயிற்றுக்கடியில் பொருத்தி ஃபில்டனில் தரையில் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என்ஜினின் தண்டு உடைந்து சுழல்பகுதி பிய்த்துக்கொண்டு பறந்தது. தீயில் வல்கன் முழுதும் எரிந்துபோனது. உள்ளே இருந்தவர்கள் தப்பினார்கள்.

காரணத்தைத் தேடிக் கண்டுபிடித்துத் திருத்தும் வேலை நீண்டது. 1964 செப்டம்பர் 27 அன்று பாஸ்கம் டவுன் விமானத் தளத்தில் பீமண்டும் நேவிகேட்டர் டொனால்ட் போவனும் ஏறி அமர்ந்தபோது, முழுதாகத் திருத்திய என்ஜின்கள் அதில் இல்லை. முழு வலுவுக்கு ஓட்டக்கூடாது என்ற கட்டுப்பாட்டோடுதான் பறந்தார்கள். சக்கரங்களையும் மடக்கவில்லை. சில நிமிடங்கள் சுற்றிவிட்டு இறங்கினார்கள். அடுத்த முறை பறந்தது டிசம்பர் 31-ஆம் தேதி. இடையில் இருந்த மூன்று மாதமும் என்ஜின் வேலைக்குப் போனது.

ஏன் காத்திருக்கவில்லை? அக்டோபர் 15-இல் பொதுத்தேர்தல். அதற்கு முன் விமானம் வானில் தெரிய வேண்டும் என்ற அழுத்தம் இருந்தது. அந்த இரண்டு பேரும் ஆபத்தை முழுதாக அறிந்தே ஏற்றுக்கொண்டார்கள். இந்தத் திட்டத்தைப் பற்றிப் பேசும்போது அமைச்சர்களின் பெயர்களே அதிகம் அடிபடுகின்றன. இந்த இருவரின் துணிச்சலுக்கு இன்னும் கூடுதலாக இடம் கொடுக்க வேண்டும்.

சோதனையில வேற என்ன பிரச்சினை வந்துச்சு?

சக்கரங்கள். நீளமான கால்கள், ஒவ்வொன்றிலும் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு சக்கரங்கள். இவை திரும்பி, மடங்கி, உள்ளே போக வேண்டும். ஒருமுறை அவை பாதியில் நின்றுவிட்டன. வெளியே குதிக்க விரும்பினால் குதித்துவிடலாம் என்று பீமண்ட் போவனிடம் சொல்லியிருக்கிறார். போவன் கூடவே இருந்தார். மிக மெதுவாகத் தரையைத் தொட்டுப் பத்திரமாக இறங்கினார்கள். பத்தாவது பறத்தலில்தான் சக்கரங்கள் ஒழுங்காக மடங்கின.

இன்னொன்று அதிர்வு. ஒரு என்ஜினின் எரிபொருள் பம்பிலிருந்து வந்த அதிர்வு, மனிதக் கண்விழி தானாக அதிரும் அளவோடு ஒத்துப்போனதால், விமானிக்குப் பார்வையே கலங்கியது. தரையிறங்கும்போது கால்கள் நடுங்கியதும் காக்பிட்டை உலுக்கியது. இவை எந்தப் புது விமானத்திலும் வரக்கூடியவை, படிப்படியாகச் சரியாகிக்கொண்டும் இருந்தன. பறக்கும் தன்மையைப் பொறுத்தவரை பீமண்ட் கடைசிவரை இதை உயர்வாகவே பேசினார்.

மேக் 2 வேகத்தைத் தொட்டுச்சா?

இல்லை. மேக் 2, அதாவது ஒலியைப் போல இரண்டு மடங்கு வேகம், வடிவமைப்பு இலக்கு. உண்மையில் எட்டியது மேக் 1.12. 1965 பிப்ரவரி 22 அன்று, 14-ஆவது பறத்தலில், பாஸ்கம் டவுனிலிருந்து வார்ட்டன் விமானத் தளத்துக்குப் போகும் வழியில் நடந்தது. அன்று ஒரு பக்க என்ஜினில் மட்டுமே ஆஃப்டர்பர்னர் (என்ஜினின் பின்னால் கூடுதல் எரிபொருளை எரித்து வலுவைக் கூட்டும் அமைப்பு) எரிந்தது. அதற்கே கூட வந்த லைட்னிங் போர் விமானம் தன் ஆஃப்டர்பர்னர்களைப் போட்டுத்தான் பின்தொடர முடிந்தது.

இந்தச் சம்பவம் கேட்கக் கேட்க இனிக்கும். ஆனால் இதை வைத்து "உலகிலேயே சிறந்த விமானம்" என்று முடிவு கட்டுவது சரியல்ல. பறந்த ஒரே விமானத்தில் தாக்குதல் கருவிகள் பொருத்தப்படவே இல்லை. நிலத்தைத் தொடரும் ராடார் போன்றவற்றை கான்பெர்ரா, பக்கானியர் போன்ற வேறு விமானங்களில் வைத்துச் சோதித்தார்கள். எல்லாம் சேர்ந்து ஒரே விமானமாக வேலை செய்யுமா என்ற பெரிய சோதனை நடக்கவே இல்லை.

எப்போ, எப்படி ரத்து பண்ணாங்க?

1965 ஏப்ரல் 6. தேர்தலில் வென்ற ஹரால்ட் வில்சனின் தொழிற்கட்சி அரசு அறிவித்தது. நிதியமைச்சர் ஜேம்ஸ் காலஹன் தன் பட்ஜெட் உரையின் நடுவிலேயே சொன்னார். அதனால் அவையில் அந்த நேரத்தில் அதை முறையாக விவாதிக்க வழியில்லாமல் போனது. பெரும் கூச்சல் எழுந்தது. இரண்டாவது விமானமான எக்ஸ்.ஆர் 220 அதே நாளில் முதல்முறையாகப் பறக்கத் தயாராக நின்றிருந்தது.

காசுதான் காரணமா?

முதன்மைக் காரணம் அதுதான். 150 விமானங்களை உருவாக்கித் தயாரிக்க 75 கோடி பவுண்டு ஆகும் என்று அரசு கணக்குக் காட்டியது. அப்படியானால் விமானம் ஒன்றுக்கு 50 லட்சம் பவுண்டு, 1965-இன் மதிப்பில். பவுண்டு ஆட்டம் கண்டிருந்த காலம் அது. பாதுகாப்பு அமைச்சர் டெனிஸ் ஹீலி அந்த ஆண்டு பிப்ரவரியிலேயே ஒலியை மிஞ்சி, செங்குத்தாகவும் எழும்பக்கூடிய பி.1154 போர் விமானத்தையும், எச்.எஸ்.681 சரக்கு விமானத்தையும் ரத்து செய்திருந்தார். டி.எஸ்.ஆர்-2 மட்டும் தனியாகக் குறிவைக்கப்படவில்லை.

ஆனால் செலவு ஏன் அப்படி ஏறியது என்று பார்க்க வேண்டும். மேலே சொன்ன நிபந்தனைகள் ஒருபுறம். முடிவெடுக்கும் அதிகாரம் அமைச்சகம், விமானப்படை, நிறுவனங்கள், எண்ணற்ற குழுக்கள் எனச் சிதறிக் கிடந்தது இன்னொருபுறம். பிரதான ஒப்பந்ததாரர் என்று சொல்லப்பட்ட நிறுவனத்துக்கே முக்கியமான கருவிகளை யார் செய்வது என்று தீர்மானிக்கும் உரிமை முழுதாக இல்லை.

வெளிநாட்டு விற்பனையும் கைகூடவில்லை. கான்பெர்ராவுக்கு மாற்றுத் தேடிய ஆஸ்திரேலியா 1963 அக்டோபரில் அமெரிக்காவின் எஃப்-111ஐத் தேர்ந்தெடுத்தது. பிரிட்டனின் உள்ளேயே முப்படைத் தலைவர் மவுண்ட்பேட்டன், கடற்படையின் பக்கானியரே போதும் என்று விடாமல் பேசிவந்தார். நம் நாட்டின் கடைசி வைஸ்ராயாக இருந்த அதே மவுண்ட்பேட்டன்தான்.

அமெரிக்கா சொல்லித்தான் ரத்து பண்ணாங்களாமே?

அமெரிக்காவுக்கு எஃப்-111ஐ விற்க ஆசை இருந்தது. பிரிட்டனுக்கு அமெரிக்கக் கடன் உதவி தேவைப்பட்டது. இவை இரண்டும் உண்மை. "இதை உடைத்தால்தான் கடன்" என்று கட்டளை வந்ததாகச் சொல்வதற்கு நிரூபணம் எதையும் நான் பார்த்ததில்லை. முந்தைய பதிலில் சொன்ன காரணங்களே இந்த முடிவை விளக்கப் போதுமானவை.

சரி, பறந்த அந்த விமானம் எந்த மியூசியத்துல இருக்கு?

எங்கும் இல்லை. எக்ஸ்.ஆர் 219ஐ, 221, 223 ஆகியவற்றோடு சேர்த்து, ஷூபரினெஸ் என்ற இடத்தில் உள்ள ராணுவச் சோதனைத் திடலுக்குக் கொண்டுபோனார்கள். நவீன விமானத்தின் உடலைக் குண்டும் சிதறலும் எப்படித் துளைக்கின்றன என்று தெரிந்துகொள்ள அவற்றின் மேல் சுட்டுப் பார்த்தார்கள். 24 முறை வானுக்குப் போய் வந்த ஒரே விமானம் அப்படித்தான் முடிந்தது. இதை எழுதும்போதும் மனம் கனக்கிறது.

அப்போ மியூசியத்துல நிக்கிறது மாடலா?

இல்லவே இல்லை. இரண்டும் உண்மையான தொழிற்சாலை உடல்கள். ஆனால் இரண்டும் ஒருமுறைகூடப் பறந்ததில்லை.

காஸ்ஃபோர்டில் இருப்பது எக்ஸ்.ஆர் 220, ரத்தான நாளில் பறக்கத் தயாராக நின்ற அதே விமானம். அது அன்றுவரை தாமதமானதற்கும் ஒரு கதை உண்டு. 1964 செப்டம்பரில் லாரியில் பாஸ்கம் டவுனுக்குக் கொண்டுவந்தபோது இழுவண்டி மடங்கி, விமானம் சரிந்து சேதமானது. ரத்துக்குப் பிறகு என்ஜின் இரைச்சலை அளக்கும் சோதனைகளுக்காக அதைத் தரையிலேயே வைத்திருந்தார்கள். அது உடைபடாமல் தப்ப அந்தச் சோதனைகள் உதவின. ஹென்லோ தளத்தில் சில ஆண்டுகள் இருந்து, 1975-இல் காஸ்ஃபோர்டுக்கு வந்தது.

டக்ஸ்ஃபோர்டில் இருப்பது எக்ஸ்.ஆர் 222. அது முழுதாகக் கட்டி முடிக்கப்படாதது. கிரான்ஃபீல்டில் இருந்த விமானவியல் கல்லூரிக்கு மாணவர்கள் படிப்பதற்காகப் போனது, 1970-களின் பிற்பகுதியில் டக்ஸ்ஃபோர்டு வந்தது. பின்னாளில் நன்றாகச் சீரமைத்துக் கூடத்துக்குள் நிறுத்தினார்கள். இவை தவிர வெய்பிரிட்ஜில் உள்ள புரூக்லாண்ட்ஸ் அருங்காட்சியகத்தில் ஒரு மூக்குப்பகுதி இருக்கிறது.

ரெண்டுல ஒண்ணுதான் பார்க்க முடியும்னா எங்க போறது?

இந்த விமானத்துக்காகவே போகிறீர்கள் என்றால் காஸ்ஃபோர்டு. முழுமையானது அதுதான். வுல்வர்ஹாம்ப்டன் பக்கம், ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போய்விடலாம். அனுமதி இலவசம், கார் நிறுத்தத்தான் கட்டணம். ஃபேரி டெல்டா 2, பிரிஸ்டல் 188 போன்ற பிரிட்டிஷ் சோதனை விமானங்களும் அங்கே இருக்கின்றன.

குடும்பத்தோடு ஒரு நாள் கழிக்க என்றால் கேம்பிரிட்ஜ் பக்கம் டக்ஸ்ஃபோர்டு. கட்டணம் உண்டு, இடம் மிகப் பெரியது. எக்ஸ்.ஆர் 222 நிற்கும் அதே கூடத்தில் கான்கார்டு 101-உம் நிற்கிறது. ஏன் அதைக் கட்டாயம் பார்க்க வேண்டும் என்று அடுத்துச் சொல்கிறேன்.

கான்கார்டுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

என்ஜின். ஃபில்டனில் வல்கனை எரித்த அந்த ஒலிம்பஸ் வகையை வளர்த்தெடுத்துத்தான் கான்கார்டின் ஒலிம்பஸ் 593 உருவானது. டி.எஸ்.ஆர்-2 என்ஜினில் பட்ட பாடும் கற்ற பாடமும் வீணாகவில்லை. 2003 வரை பயணிகளை ஒலியைவிட இரண்டு மடங்கு வேகத்தில் அட்லாண்டிக்கைக் கடக்க வைத்தது அந்தப் பரம்பரை. டக்ஸ்ஃபோர்டு கூடத்தில் இரண்டையும் ஒரே பார்வையில் பார்க்கலாம்.

கிட்ட நின்னு எதையெல்லாம் கவனிக்கணும்?

முதலில் இறக்கையின் நுனி. இரண்டு பக்கமும் கீழ்நோக்கி மடிந்திருக்கும். இறக்கை உடலின் மேற்பகுதியில் இருப்பதால் வரும் நிலைத்தன்மைக் கோளாறை ஈடுசெய்ய அப்படி வளைத்தார்கள். பிறகு காற்று உள்வாங்கும் வாய்களில் உள்ள அரைக்கூம்புகள். அடுத்து அந்தச் சக்கரக் கால்கள், மேலே சொன்ன தொல்லைகளை நினைத்துக்கொண்டு பாருங்கள். முன்சக்கரக் கால் நீளக்கூடியது. கிளம்பும்போது மூக்கைத் தூக்கிவைத்தால் ஓட்டம் குறையும் என்பதற்காக.

பின்னால் போய் வாலைப் பாருங்கள். மூன்று தகடுகளும் அடியோடு திரும்புபவை என்று தெரிந்து பார்த்தால் வடிவமைப்பாளர்களின் துணிவு புரியும். வெள்ளைப் பூச்சு அழகுக்காக அடித்ததல்ல, அணுகுண்டு வெடிப்பின் ஒளிவெப்பத்தைத் திருப்பிவிடுவதற்கானது.

ரத்து பண்ணினது சரி, ஏன் எல்லாத்தையும் உடைச்சாங்க?

கட்டிக்கொண்டிருந்த உடல்கள், அவற்றைப் பொருத்திப் பிடிக்கும் ஜிக்குகள், கருவிகள் எல்லாம் பழைய இரும்புக்குப் போயின. செய்த தொழிலாளர்களின் கண்முன்னேயே அது நடந்தது. பறக்கக்கூடிய நிலையில் இருந்தவற்றை மட்டும் கொஞ்ச காலம் ஆய்வுக்காகப் பறக்கவிடலாம் என்ற யோசனையும் செலவைக் காட்டி மறுக்கப்பட்டது.

திட்டத்தை நிறுத்தியதற்கு நியாயம் சொல்ல முடியும் என்றே நினைக்கிறேன், அன்றைய பணநிலை அப்படி. இந்த அழிப்புக்கு என்னால் நியாயம் சொல்ல முடியவில்லை. எக்ஸ்.ஆர் 219ஐ ஒரு கொட்டகையில் நிறுத்தி வைக்க ஆகியிருக்கும் செலவு, அதுவரை செலவழித்த பணத்துக்குமுன் ஒன்றுமே இல்லை. அதற்குக் கிடைத்திருக்கக்கூடிய தகவல் எவ்வளவு! அவசரமாக உடைத்ததுதான் அமெரிக்கச் சதி போன்ற சந்தேகங்களை இன்றுவரை வளர்த்துவருகிறது.

அதுக்குப் பதிலா எஃப்-111 வாங்கினாங்களா?

1966-இல் 50 வாங்க முடிவு செய்தார்கள். 1967 நவம்பரில் பவுண்டின் மதிப்பைக் குறைக்க வேண்டி வந்தது. 1968 ஜனவரியில் அதையும் ரத்து செய்தார்கள். கடைசியில் 1969-இலிருந்து விமானப்படையில் சேர்ந்தது, ஒருகாலத்தில் அது வேண்டாமென்று சொன்ன பக்கானியர்தான். 1991 வளைகுடாப் போரில்கூட அது பறந்தது. டி.எஸ்.ஆர்-2 செய்ய வேண்டிய வேலையைச் சரியாகச் செய்யும் விமானமாக டொர்னேடோ 1980-களின் தொடக்கத்தில் வந்தது, ஜெர்மனி, இத்தாலியோடு செலவைப் பகிர்ந்து செய்தது.

வேற நாட்டுலயும் இப்படி நடந்திருக்கா?

கனடாவின் ஏவ்ரோ ஆரோ இன்னும் கொடுமை. 1959 பிப்ரவரி 20-இல் ரத்து, பறந்தவை எல்லாம் வெட்டப்பட்டன. ஒட்டாவா அருங்காட்சியகத்தில் ஒரு மூக்குப்பகுதியும் சில பாகங்களுமே மிச்சம். அமெரிக்காவின் எக்ஸ்.பி-70 வால்கைரி இரண்டு கட்டப்பட்டது. ஒன்று 1966-இல் மோதி விழுந்தது, மற்றது டேட்டனில் உள்ள விமானப்படை அருங்காட்சியகத்தில் முழுதாக நிற்கிறது. 1987-இல் கைவிடப்பட்ட இஸ்ரேலின் லாவியில் ஒன்றை ஹட்ஸெரிம் தளத்தில் பார்க்கலாம்.

இப்போ பணம் கொடுத்தா அந்த ரெண்டுல ஒண்ணைப் பறக்க வைக்க முடியாதா?

முடியாது. எக்ஸ்.ஆர் 222 முழுமையடையாத உடல். எக்ஸ்.ஆர் 220 முழுமையானதுதான், ஆனால் அரை நூற்றாண்டுக்கும் மேல் தரையில் நின்ற உலோகம் அது. அந்த வகை என்ஜினுக்கு உதிரிபாகம் இல்லை. ஜிக்குகள் போய்விட்டதால் ஒரு பாகத்தை அளவு மாறாமல் மறுபடி செய்யவும் வழியில்லை.

சட்டமும் இடம் தராது. பல்லாண்டு சேவையில் இருந்து, ஆவணங்களும் உதிரிபாகங்களும் இருந்த வல்கன் எக்ஸ்.எச் 558-ஐயே, பொறுப்பேற்றிருந்த நிறுவனங்கள் ஆதரவை விலக்கிக்கொண்டதால் 2015-இல் தரையில் நிறுத்த வேண்டியதாயிற்று. 13 மணி நேரப் பறக்கும் அனுபவம் மட்டுமே உள்ள, அதுவும் வேறொரு உடலில் கிடைத்த அனுபவம் உள்ள விமானத்துக்கு யாரும் அனுமதி தரமாட்டார்கள். இரண்டும் கூரைக்கடியில், மழைபடாமல், பக்கத்தில் போய்ப் பார்க்கும்படி நிற்கின்றன.